ஏரிக்கரையில் பாடம்: பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வோம்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதியை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்களில் கணிசமான பங்கு இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில், மதுராந்தகத்தை அடுத்த எங்கள் ஊர்ப் பள்ளியில், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசும்படி என்னை அழைத்தார்கள். வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் மண் வளம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டேன். "நம்ம ஊர் ஏரிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருது?"

"மழையிலேர்ந்து" என்றார்கள் பலர். அது தவறல்ல. "ஆத்துலேர்ந்து" என்றான் ஒருவன். எங்கள் ஊருக்கு ஆறே கிடையாது. ஒரு பெண் எழுந்து "கலங்கல் வழியா வருது சார்" என்றாள். கலங்கல் என்பது ஏரி நிரம்பித் தண்ணீர் வெளியே போகும் இடம். வரத்துக் கால்வாய் என்ற ஒன்று இருப்பதையே அந்த வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் பாதிப் பேருக்கு மேல் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த வீட்டுப் பிள்ளைகள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது கோபம் அடங்கிவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகனை நான் எப்போதாவது அந்தக் கால்வாயில் நடக்க வைத்தேனா? இல்லை. படிக்கிற பிள்ளைக்கு வெயில் எதற்கு என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்கள்தானே நாம்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. மத்திய அரசு 2001-ல் தேசிய பசுமைப் படை என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. பல பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றமும் இருக்கிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை; ஆனால் இந்த மன்றங்களில் பலவும் ஒரு ஊர்வலம், ஒரு ஓவியப் போட்டி, "மரம் வளர்ப்போம்" என்று ஒரு கட்டுரைப் போட்டி, ஜூன் 5-ஆம் தேதி பத்துக் கன்று நடுவது என்ற அளவில் நின்றுவிடுகின்றன. கத்திரி வெயில் ஓய்ந்தும் ஓயாத அந்த நாளில் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்க ஆள் இல்லை. எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை பிழைத்தது என்ற கணக்கு இல்லை. கன்று நடுவதாக இருந்தால் ஐப்பசியில் நட்டு, ஒரு கன்றுக்கு இரண்டு பிள்ளைகள் என்று பெயர் எழுதி வைத்து, அடுத்த ஆண்டு அதே நாளில் எண்ணிப் பார்க்கட்டும். அதுவே ஒரு நல்ல பாடம்.

நான் சொல்ல வருவது வேறு வகையான வேலை. செலவு அதிகம் இல்லாதது. ஊரில் உள்ள ஏரி, வயல், கால்வாய், தோப்பு இவையே போதும். கற்றுக்கொடுக்க ஒரு ஆசிரியரும் இரண்டு மூன்று வயதான விவசாயிகளும் வேண்டும்.

முதலில் கால்வாயையே எடுத்துக்கொண்டோம். ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு 24 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், நான், முன்பு ஏரித் தண்ணீரைப் பிரித்துப் பாய்ச்சும் பொறுப்பில் இருந்த பெரியவர் ஒருவர் என்று புறப்பட்டோம். எங்கள் பக்கத்து ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பு உள்ளவை. மேலே உள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழிந்து எங்கள் ஏரிக்கு வரும். எங்கள் ஏரி நிரம்பினால் கீழே உள்ளவர்களுக்குப் போகும். மேலேரியின் கலங்கலில் ஆரம்பித்து எங்கள் ஏரிக்கரை வரை சுமார் மூன்று கிலோமீட்டர் நடப்பதென்று ஏற்பாடு.

கையில் கொண்டுபோனது என்ன? அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிறு ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் படியெடுத்த கிராம வரைபடம் ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பென்சில். நூறு அடிக்கு ஒரு முறை கால்வாயின் அகலத்தை அளந்து எழுத வேண்டும். அடைப்பு எங்கே, என்ன அடைப்பு, எந்த மரம், எந்தச் செடி என்றும் குறிக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

பெரியவர் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். "இது நொச்சி. கரையிலே இது இருந்தா மண்ணு சரியாது. இது வேலிகாத்தான், இதுக்கும் கரைக்கும் ஆகாது, வேரோட சாய்ஞ்சா கரையையும் பேத்துக்கினு போயிடும்." வேலிகாத்தான் என்று இந்தப் பக்கத்தில் சொல்வது சீமைக் கருவேல மரத்தை. கால்வாயின் நடுவிலேயே அது புதராக மண்டிக் கிடந்தது. ஓர் இடத்தில் தண்ணீர்ப் பாம்பு ஒன்று தேங்கிய குட்டையில் நழுவிப் போயிற்று. பிள்ளைகள் கல்லை எடுத்தார்கள். "போடுறா கீழே, அது தவளை தின்னப் போவுது, உன்னைத் தின்ன வரல" என்று பெரியவர் ஒரு அதட்டல் போட்டார். கல் கீழே விழுந்தது.

வரைபடத்தின்படி கால்வாய் பத்து அடிக்குக் குறையக் கூடாது. முதல் ஒரு கிலோமீட்டர் வரை ஒன்பது, பத்து என்று அளவு வந்துகொண்டிருந்தது. பிறகு ஏழு, ஆறு என்று குறைந்தது. தார்ச் சாலையைக் கால்வாய் கடக்கும் இடத்தில் பத்து அடிக் கால்வாய்க்கு ஒற்றைக் குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் குழாயின் வாயிலும் பிளாஸ்டிக் பைகள், உடைந்த பாட்டில்கள், பழைய சாக்கு. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனதும், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த பையன், "சார், இங்கே நாலு அடிதான்!" என்று கத்தினான். எழுதிக்கொண்டிருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள்: "இது யார் நிலம், தாத்தா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னுது" என்றேன்.

என் அப்பா காலத்தில் ஆரம்பித்த காரியம் அது. ஆண்டுக்கு ஒரு சாண், இரண்டு ஆண்டுக்கு ஒரு சாண் என்று வரப்பை வெட்டும்போதெல்லாம் கால்வாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறோம். நான் பொறுப்பேற்ற பிறகும் நிறுத்தவில்லை. நாலு ஊருக்குப் போய் மண் பாதுகாப்பு பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியவன் நான். அந்தப் பெண் நோட்டில் என் பெயரை எழுதி, பக்கத்தில் "4 அடி" என்று எழுதினாள். எனக்குச் சம்பளம் கொடுத்த அதிகாரி யாரும் என்னை அப்படி ஒரு பதிவேட்டில் ஏற்றியதில்லை.

அந்தக் கோடையில் வரப்பை உள்ளே தள்ளிக் கட்டினேன். இருநூறு அடி நீளத்துக்கு ஆறு அடி விட்டதில், போனது சுமார் மூன்று சென்ட். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்கள் வரப்பை விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் விடவில்லை, என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டார். பிள்ளைகளைக் கூட்டி வந்து மானத்தை வாங்கினான் என்று சொன்னதாகக் கேள்வி. அவர் பேரனும் அந்த 24 பேரில் ஒருவன். அவனை யாரும் இதுபற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். இப்படிப்பட்ட நடை நடத்துகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பிள்ளைகள் அளக்கட்டும், எழுதட்டும்; பெரியவர்களின் தகராறைப் பெரியவர்கள்தான் பேச வேண்டும்.

மழையளவு எடுப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரை அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். பத்தாயிரம் லிட்டர் லாரியில் பத்து லாரி. கணக்குப் பாடத்தில் தூங்குகிற பையன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "இவ்ளோ தண்ணியும் எங்கே சார் போவுது?" என்று கேட்டான். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிட்டுப் போகிற நாட்டில், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மண் பாடத்துக்கு வருவோம். மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்புவது அவசியம்தான். ஆனால் பிள்ளைகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் சோதனைகள் சில உண்டு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியில் இறங்கிவிடும். வண்டல் இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். களி மறுநாள் வரை கலங்கலாகவே நிற்கும். மட்டங்களை அளந்தால் நம் மண் எந்த வகை என்று தெரிந்துவிடும். மேலே மிதக்கும் கறுப்புத் தூசிதான் மக்கு. பாட்டிலில் அது அதிகம் தெரிந்தால் அந்த நிலத்துக்காரர் தொழு உரம் போடுகிறவர் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. மூன்று தம்ளரில் மழைத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் புல் வளர்ந்த வரப்பிலிருந்து எடுத்து உலர்த்திய மண்கட்டி. இரண்டாவதில் ஆண்டு முழுக்க உழுது, ரசாயன உரம் மட்டும் போட்ட வயலின் மண்கட்டி. மூன்றாவதில் களர் நிலத்தின் கட்டி. மெதுவாகப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வரப்பு மண் அப்படியே நிற்கும். வயல் மண் சில நிமிடத்தில் பொலபொலவென்று உதிரும். களர் மண் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போலத் தண்ணீர் கலங்கும். நாள் முழுக்க வைத்தாலும் தெளியாது. சோடியம் மிகுந்த மண்ணில் களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடுவதால் இப்படி ஆகிறது. அந்த நிலத்துக்கு ஜிப்சம் ஏன் போடச் சொல்கிறோம் என்பதைப் பிறகு நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் பகுதியில் ஒரு பையன் இதை வீட்டில் போய்ச் செய்து காட்டி, அவன் அப்பா என்னைத் தேடி வந்து தம் வயல் மண்ணையும் பார்க்கச் சொன்னார். முப்பது ஆண்டு உத்தியோகத்தில் என் பேச்சைக் கேட்டு அவர் வந்ததில்லை.

பெருமழைத் துளி ஒன்று வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையை அடிக்கிறது. இதைக் காட்ட, வெறும் மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியில் வெள்ளைத் தாள் கட்டி, பூவாளியால் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினால் தாளில் மண் தெறிக்கும். அதே மண்ணின் மேல் வைக்கோல் பரப்பிவிட்டு ஊற்றினால் தெறிப்பது மிகவும் குறைந்துவிடும். மூடாக்கு என்ற சொல்லை இப்படிப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

பறவைகளுக்கு வேடந்தாங்கலைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. சென்னைக்காரர்கள் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம். பத்து மைலில் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்ததில்லை. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பெயருக்கு வேடர்கள் தங்கிய ஊர் என்று பொருள் சொல்வார்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி என்பது நம் பக்கத்தாருக்குத் தெரிந்ததுதான். எது சரி என்று பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த ஏரியின் கதையை விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டிலாகா வருவதற்கு முன்பே, இதைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, இனிமேல் சுடக் கூடாது என்று எழுத்து வாங்கினார்கள். அந்த உரிமையை 1858-ல் மறுபடியும் புதுப்பித்துக்கொண்டார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வரும் துரையும் இதே பிளேஸ்தான். உடையப்போகிற கரையில் இருவர் வில்லோடு நின்று காவல் காத்ததைப் பார்த்தார் என்று சொல்கிறார்களே, அவர்.

ஊரார் பறவைகளைக் காத்ததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல. நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரச் செலவு குறைவு என்பது அங்குள்ள விவசாயிகளின் அனுபவம். பறவை போனால் மகசூல் போகும் என்று கணக்குப் போட்டுக் காத்தார்கள். நான் பிள்ளைகளுக்கு இதையே முதலில் சொன்னேன். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றால் நகரத்தில் இருப்பவர்கள் பேசுகிற விஷயம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

போக நல்ல காலம் கார்த்திகை முதல் மாசி வரை. காலை ஆறரைக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற நிறம் வேண்டாம். பள்ளிச் சீருடை பளபளப்பாக இருந்தால் பழைய உடுப்பில் வரச் சொல்லலாம். எங்கள் பிள்ளைகள் கரையேறியதும் கூச்சல் போட்டார்கள். அரை மணி கழித்துத் தானாக அடங்கினார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருப்பதைப் பைனாகுலரில் பார்த்துவிட்டு ஒருவன், "பாக்குவெட்டி மாதிரி இருக்குது" என்றான். சரியான உவமை. அந்த அலகால்தான் அது நத்தையைப் பிடித்து உள்ளே உள்ள சதையை எடுத்துத் தின்கிறது. நம் வயலில் இளம் நாற்றைத் தின்னும் நத்தையை, குஞ்சுக்காக நாள் முழுதும் சுமந்து போகும் வேலையாள் அது. கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா என்று ஒவ்வொன்றையும் அலகைப் பார்த்தும் இரையைப் பார்த்தும் பிரித்துக் காட்டினால் போதும். பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம்.

பக்கத்தில் உள்ள கரிக்கிலி ஏரியையும் அதே நாளில் பார்த்துவிடலாம். அங்கே வேறு கூட்டம்; வடக்கேயிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் அதிகம். இரண்டு ஏரிகளும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகள் என்று ஏற்கப்பட்டவை.

வேடந்தாங்கலுக்கு எட்டாத மாவட்டத்துக்காரர்கள் வருந்த வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு, தஞ்சைப் பக்கம் வடுவூர், அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயப்படும் என்பதற்காகத் தீபாவளிக்கு ஊரே வெடி வெடிப்பதில்லை. பட்டாசை விட்டுக்கொடுக்கிற பிள்ளைகள் அவர்கள். எங்கள் பையன்கள் இதைக் கேட்டு முதலில் நம்பவில்லை.

பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பறவை எண்ணும் பழக்கம் தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவருகிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று பெயர். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை வகை பிரித்து எண்ணி, கைபேசியில் இ-பேர்ட் என்ற செயலி வழியாகப் பதிந்தால் போதும். சொந்த வயல் வரப்பில் நின்றும் செய்யலாம். உண்டிவில் வைத்திருக்கும் பையன்களையே இதற்கு முதலில் பிடித்துப் போட வேண்டும் என்பது என் அனுபவம். எந்தப் பறவை எந்த மரத்தில் என்று அவர்களுக்குத்தான் தெரியும். புகழ்பெற்ற பறவை அறிஞர் சலீம் அலியே சிறுவனாக இருந்தபோது துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தி, அது என்ன சிட்டு என்று கேட்டுக்கொண்டு போனதில் ஆரம்பித்தவர்தான்.

வயலில் பூச்சி பார்ப்பது கடைசி. நடவு செய்து ஒரு மாதம் ஆன நெல் வயல் நல்லது. மருந்து அடித்த வயலுக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. என்றைக்கு என்ன அடித்தீர்கள் என்று உரிமையாளரை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துக் குத்துகளைத் தேர்ந்தெடுத்து, தூரின் அடியில் வெள்ளைத் தட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் விழும். புகையான், பச்சைத் தத்துப்பூச்சி ஒரு பக்கம். சிலந்தி, பொறிவண்டு, மிரிட் நாவாய்ப்பூச்சி ஒரு பக்கம். எண்ணி எழுதட்டும். வயலில் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் வந்ததும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் நசுக்குகிற பிள்ளைகள், அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

இந்தோனேசியாவில் புகையான் தாக்குதல் அளவு மீறிப் போய், கண்டபடி மருந்து அடித்ததுதான் காரணம் என்று தெரிந்ததும் அந்நாட்டு அரசு 1986-ல் நெல்லுக்கு அடித்துவந்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. பின்னர் 1989-ல் விவசாயிகளை வயலிலேயே உட்கார வைத்துப் பூச்சியை எண்ணப் பழக்கும் வயல்வெளிப் பள்ளிகளை ஆரம்பித்தார்கள். நம் நாட்டுக்கும் அது வந்தது. பெரியவர்களுக்குச் செய்கிறதைப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஏற்பாடுகளைப் பற்றிச் சில வார்த்தை. ஆசிரியர்கள் தயங்குவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். அது நியாயமான பயம். பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம், தலைமை ஆசிரியரின் அனுமதி இரண்டும் இல்லாமல் புறப்படக் கூடாது. எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஏரியில், கிணற்றில், மண் எடுத்த பள்ளத்தில் ஒருவரும் இறங்கக் கூடாது. மண் வெட்டி எடுத்த குழிகள் ஏரிக்குள் எங்கே இருக்கின்றன என்பது தண்ணீர் நின்ற பிறகு யாருக்கும் தெரியாது. நண்டு வளையில் கை விடக் கூடாது. செருப்போ ஷூவோ கட்டாயம். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று முன்னரே விசாரித்து வைத்திருக்க வேண்டும். ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். திரும்பியதும் கேழ்வரகுக் கூழோ, சுண்டலோ கொடுத்தால் அடுத்த முறை ஆள் குறையாது.

மதிப்பெண் மட்டும் போட வேண்டாம். மதிப்பெண் போட்டால் நோட்டுக்கு அட்டை போட்டு, பூ வரைந்து, இணையத்திலிருந்து படம் ஒட்டிக் கொண்டு வருகிறார்கள். என்னிடம் உள்ள அந்தக் கால்வாய் நோட்டில் சேறு ஒட்டியிருக்கிறது. எழுத்துப் பிழையும் நிறைய.

அந்த நோட்டை வைத்து, சாலையைக் கடக்கும் குழாயைப் பெரிதாக்கக் கேட்டு, அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபைக் கூட்டத்தில் பிள்ளைகள் மனுக் கொடுத்தார்கள். அளவுகளையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்ததால் தலைவர் படித்துப் பார்த்துத் தீர்மானத்தில் ஏற்றினார். மனு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போயிற்று. ஒருமுறை ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். குழாய் இன்னும் மாறவில்லை. அதனால் ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்பு பிள்ளைகளும் நாங்களும் சாக்குப் பையோடு போய், குழாய் வாயில் சேர்ந்திருப்பதை வாரி எடுக்கிறோம். சென்ற ஐப்பசியில் என் வரப்பு ஓரம் பத்து அடிக்கும் தண்ணீர் புரண்டு போனதைப் பார்த்தேன். குழாய்க்கு மேற்கே மட்டும் வழக்கம்போல் தேங்கி, சாலையின் மேல் ஏறி வழிந்தது.

முதல் நடையில் "யார் நிலம்" என்று கேட்ட பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேளாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கயிறு இப்போது அவள் தம்பியிடம் இருக்கிறது. இந்த ஆண்டு நடை ஆவணி மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை ஆறரைக்கு, மேலேரிக் கலங்கலில்.